அவைத் துணைத் தலைவராகத் தேர்வான சக உறுப்பினரை வாழ்த்துவது எப்படி?

துணைத் தலைவர் தேர்தல் முடிந்த கையோடு நாடாளுமன்றத்தில் வாழ்த்துரைகள் தொடங்கிவிடும். பல உறுப்பினர்கள் இதற்கென்று தயார் செய்வதில்லை. எழுந்து நின்று நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதாதா என்று இருந்துவிடுகிறார்கள். சறுக்குவது அங்கேதான். பதவியின் பெயர் தவறுகிறது, யாரைப் பார்த்துப் பேசுவது என்று குழம்புகிறது, பேச்சு நீண்டு தலைவர் மணியடிக்க வேண்டியதாகிறது.

அந்த இரண்டு நிமிடப் பேச்சு சொல்லுக்குச் சொல் அவைக் குறிப்பில் ஏறும். பிற்பாடு இதே துணைத் தலைவர் நாற்காலியில் இருக்கும்போது ஒரு சர்ச்சை வெடித்தால், தேர்வான அன்று யார் என்ன சொன்னார்கள் என்று எல்லோரும் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே வாழ்த்துரையின் முக்கிய வேலை, இந்த நாற்காலியிடம் அவை எதை எதிர்பார்க்கிறது என்பதைச் சண்டை இல்லாத ஒரு நாளில் மரியாதையாகப் பதிவு செய்வது. புகழ்ச்சி அதற்குப் பக்கவாத்தியம். பக்கவாத்தியமே கச்சேரியாகிவிடக் கூடாது.

இந்தக் குறிப்புகள் உறுப்பினர்களுக்கும், அவர்களுக்கு உரை எழுதித் தரும் உதவியாளர்களுக்கும். ‘துணைத் தலைவர்’ என்று பொதுவாகச் சொன்னாலும், உங்கள் அவையில் அந்தப் பதவிக்கு என்ன பெயரோ அதையே பயன்படுத்துங்கள்.

பதவியின் பெயரை முதலில் சரிபாருங்கள்

ஒரே வேலைக்கு ஒவ்வோர் அவையிலும் ஒவ்வொரு பெயர். இந்தியாவில் மக்களவைத் துணைத் தலைவர் அரசமைப்பின் 93-ஆவது பிரிவின்படியும், மாநிலங்களவைத் துணைத் தலைவர் 89-ஆவது பிரிவின்படியும், மாநிலச் சட்டப்பேரவைகளின் துணைத் தலைவர்கள் 178-ஆவது பிரிவின்படியும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மாநிலங்களவையில் தமிழில் பேசுபவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த அவைக்குத் தலைவராக இருப்பவர் குடியரசுத் துணைத் தலைவர். அவருக்கு அடுத்து அவையை நடத்துபவர் மாநிலங்களவைத் துணைத் தலைவர். இரண்டு ‘துணைத் தலைவர்’களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் கேட்பவருக்கும் குழப்பம், மொழிபெயர்ப்பாளருக்கும் குழப்பம். நாற்காலியில் இருப்பவரை ‘அவைத் தலைவர் அவர்களே’ என்று மட்டும் அழையுங்கள். ‘குடியரசுத் துணைத் தலைவர்’ என்ற சொல்லை அந்த உரையிலிருந்தே எடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இலங்கையில் அரசியலமைப்பின் 64-ஆவது உறுப்புரை மூன்று பேரைத் தெரிவு செய்யச் சொல்கிறது: சபாநாயகர், பிரதிச் சபாநாயகரும் குழுக்களின் தவிசாளரும், குழுக்களின் பிரதித் தவிசாளர். இரண்டாவது பெயரில் ‘உம்’ இரண்டு முறை வருவதால் இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரே ஆளுக்கான முழுப் பதவிப் பெயர். வாழ்த்துரையில் ஒருமுறை முழுப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு ‘பிரதிச் சபாநாயகர்’ என்று சுருக்கலாம்.

பிரிட்டன் மக்கள் சபையில் துணைச் சபாநாயகர்கள் மூவர். அவர்களில் மூத்தவர் ‘வழிவகைக் குழுத் தலைவர்’ என்ற பழைய பெயரைத் தாங்கியிருக்கிறார். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் துணை அவைத் தலைவர்கள் இருவர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தலைவரும் துணைத் தலைவரும் இல்லாத நேரத்தில் அவையை நடத்த ஒரு பட்டியல் இருக்கும். தமிழ்நாட்டில் மாற்றுத் தலைவர்கள் என்பார்கள். மக்களவையில் அந்தப் பட்டியலில் 10 பேர் வரை இடம்பெறலாம். அவர்களைச் சபாநாயகர் நியமிக்கிறார், அவை தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களில் ஒருவரை வாழ்த்தும்போது ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்று சொன்னால் அது பிழை.

‘உதவியாளர்’ என்ற எண்ணத்தை விடுங்கள்

வாழ்த்துரைகளில் அதிகம் காதில் விழும் பிழை, ‘சபாநாயகருக்கு உறுதுணையாக இருந்து உதவ வாழ்த்துகிறேன்’ என்பது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பதவியைக் குறைக்கிறது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவை. அவரை நீக்கவும் அவையால்தான் முடியும். இந்திய மக்களவையில் அதற்கு 14 நாள் முன்னறிவிப்பும், அன்றைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருக்கும் நேரத்தில் அவருக்குச் சபாநாயகரின் அதே அதிகாரம். பதவி விலகுவதானால் துணைத் தலைவர் தன் கடிதத்தைச் சபாநாயகருக்கு எழுதுவார். சபாநாயகர் விலகுவதானால் அவர் எழுதுவது துணைத் தலைவருக்கு. இந்த ஏற்பாட்டை 94-ஆவது பிரிவில் படித்தவர் யாரும் மறுபடி ‘உதவி’ என்ற சொல்லை எடுக்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக ‘அவையை நடத்தும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள’ என்று சொல்லுங்கள். இதில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்ற தொனி இல்லை.

மறுபக்கப் பிழையும் உண்டு. ‘விரைவில் சபாநாயகராகவும் உயர வாழ்த்துகிறேன்’ என்று சொல்வார்கள். அப்படி உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள்தான். மக்களவையின் முதல் துணைத் தலைவர் மா. அனந்தசயனம் ஐயங்கார் 1956-இல் சபாநாயகரானார். ஆனால் அது அப்போதைய சபாநாயகர் மவ்லங்கர் பதவியில் இருக்கும்போதே காலமானதால் நேர்ந்தது. தமிழ்நாட்டில் ப. தனபால் 2012-இல் துணைத் தலைவர் பதவியிலிருந்து பேரவைத் தலைவரானதும் இருந்தவர் விலகிய பிறகுதான். இந்த வாழ்த்தை நீங்கள் சொல்லும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் இப்போதைய சபாநாயகர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லாதீர்கள்.

எப்படித் தேர்வானார் என்பதற்குச் சரியான சொல்

‘ஒருமனதாக’, ‘போட்டியின்றி’, ‘குரல் வாக்கெடுப்பில்’, ‘வாக்கெடுப்பில்’ ஆகிய நான்கும் ஒன்றல்ல. ஒரே ஒருவர் பெயர்தான் முன்மொழியப்பட்டது என்றால் ‘போட்டியின்றி’. 2021 மே 12 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் கு. பிச்சாண்டி துணைத் தலைவரானது அப்படித்தான். எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ‘ஒருமனதாக’.

குரல் வாக்கெடுப்பு என்றால் மட்டும் போட்டியில்லை என்று பொருளாகாது. மாநிலங்களவையில் ஹரிவன்ஷ் 2018 ஆகஸ்டில் 125-க்கு 105 என்ற வாக்குகளில் தேர்வானார். 2020 செப்டம்பரில் மறுபடி தேர்வானபோது குரல் வாக்கெடுப்புதான் நடந்தது. ஆனால் அப்போதும் எதிரணி வேட்பாளர் ஒருவர் களத்தில் இருந்தார். அந்தத் தேர்வை ‘போட்டியின்றி’ என்று சொன்னால், எதிரில் நின்றவரை அவையிலேயே இல்லாதவராக்கிவிடுகிறீர்கள். சந்தேகம் இருந்தால் ‘தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுங்கள். அதில் பிழையே வராது.

முன்மொழிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே ஆளை முன்மொழிந்து பல தீர்மானங்கள் வருவது வழக்கம். மக்களவை விதிப்படி அவை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வாக்கெடுப்புக்கு விடப்படும். முதல் தீர்மானம் நிறைவேறிவிட்டால் மற்றவை வாக்கெடுப்புக்கே வராது. நீங்கள் கொடுத்தது நான்காவது தீர்மானம் என்றால் ‘நான் முன்மொழிந்த தீர்மானம் வெற்றி பெற்றது’ என்று பெருமைப்பட முடியாது. ‘இவர் பெயரை முன்மொழிந்தவர்களில் நானும் ஒருவன்’ என்பது சரி.

வாக்கு வித்தியாசத்தை வாழ்த்துரையில் சொல்லவே வேண்டாம், நெருக்கமான போட்டியாக இருந்தாலும், பெரிய வெற்றியாக இருந்தாலும். ரகசிய வாக்கெடுப்பு நடக்கும் அவைகளில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று குறிப்பாகக்கூடக் காட்டிவிடாதீர்கள். பிரிட்டனிலும் ஸ்காட்லாந்திலும் ரகசிய வாக்குதான். ‘என் முதல் தெரிவே நீங்கள்தான்’ என்று ஒருவர் சொன்னால், சொல்லாத மற்றவர்களைப் பற்றிக் கேள்வி எழும்.

எப்போது எழுவது, யாரைப் பார்த்துப் பேசுவது

தலைவர் முடிவை அறிவிக்கும்வரை கைதட்டலும் வேண்டாம், கைகுலுக்கலும் வேண்டாம். எண்ணிக்கை நடக்கும்போதே ஓடிப்போய்க் கையைப் பிடிப்பது, எண்ணுபவர்களுக்கு இடைஞ்சல். அறிவிப்பு வந்ததும் பெரும்பாலான அவைகளில் ஆளுங்கட்சித் தரப்பிலிருந்தும் எதிர்க்கட்சித் தரப்பிலிருந்தும் முக்கியமானவர்கள் புதியவரை அவருடைய இருக்கைக்கு அழைத்துச் செல்வார்கள். கவனியுங்கள், அழைத்துச் செல்வது சபாநாயகரின் நாற்காலிக்கு அல்ல. இந்திய மக்களவையில் துணைத் தலைவருக்கென்று, சபாநாயகருக்கு இடப்புறம் எதிர்க்கட்சிப் பக்கத்தில் முன்வரிசை இருக்கை உண்டு. அவர் அங்கே அமர்ந்த பிறகுதான் உரைகள்.

வரிசை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: அரசுத் தலைமை, எதிர்க்கட்சித் தலைவர், பிறகு உறுப்பினர் எண்ணிக்கைப்படி கட்சித் தலைவர்கள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒருவர் என்பதே வழக்கமாக இருக்கும். உங்கள் கட்சியின் பெயரைக் கொறடா வழியாகத் தலைவர் அலுவலகத்துக்கு அன்று காலையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரே கட்சியிலிருந்து இருவர் எழுந்து நிற்பது பார்க்கவும் நன்றாயிராது, அடுத்த சிறிய கட்சியின் நேரத்தையும் தின்றுவிடும்.

பேசும்போது உங்கள் கண்ணும் சொல்லும் நாற்காலியை நோக்கியிருக்க வேண்டும். ஆசை என்னவோ புதியவர் பக்கம் திரும்பி ‘நீங்கள்’ என்று பேசத்தான் வரும். ஆனால் அவர் இன்னும் தலைமை நாற்காலியில் அமரவில்லை. அவரைப் படர்க்கையில்தான் குறிப்பிட வேண்டும்: ‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, தங்கள் வாயிலாக மாண்புமிகு துணைத் தலைவர் அவர்களுக்கு…’ இலங்கையில் ‘மாண்புமிகு’ இருக்கும் இடத்தில் ‘கௌரவ’ வரும். ஒருமுறை ‘தங்கள் வாயிலாக’ என்று சொல்லிவிட்டால் போதும், ஒவ்வொரு வாக்கியத்திலும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவர் எழுந்தால், பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். பேசி முடித்ததும் நேராகப் புதியவரிடம் போகாதீர்கள், அடுத்தவர் பேசத் தொடங்கியிருப்பார். பேசுபவருக்கும் நாற்காலிக்கும் குறுக்கே நடப்பது விதிமீறல். சால்வை, பூங்கொத்து எல்லாம் அவை முடிந்தபின் அவருடைய அறையில்.

உரையை எழுதுவது

இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள் போகும். மேசை தட்டும் ஒலிக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆகவே எழுதுவது 160 சொல்லைத் தாண்டக் கூடாது. கண்ணால் படித்துக் கணக்குப் போடாதீர்கள். நின்றுகொண்டு வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தில் பாருங்கள். மொழிபெயர்ப்பு வசதியுள்ள அவை என்றால் ஒரு படியை மொழிபெயர்ப்பாளர் அறைக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். பெயர்கள், ஆண்டுகள், குழுவின் பெயர் ஆகியவற்றை மட்டும் அடிக்கோடிட்டு அனுப்பினாலும் போதும், அவர்கள் தடுமாறுவது அந்த மூன்றில்தான்.

உரைக்குள் நான்கு பொருள் இருக்க வேண்டும்: வாழ்த்து, அந்த ஆளைப் பற்றிய ஒரு குறிப்பான செய்தி, அவையின் எதிர்பார்ப்பு, உங்கள் தரப்பின் வாக்குறுதி. நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மூன்றாவது வெறும் உத்தரவு போல ஒலிக்கும்.

ஒரு மாதிரி. விவரங்களை உங்கள் அவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, இந்த அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு, தங்கள் வாயிலாக என் கட்சியின் வாழ்த்துகளைத் தெரிவிக்கிறேன். கடந்த அவையில் அவர் ஒரு மசோதாவை ஆராய்ந்த தேர்வுக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அந்தக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் எதிரணி உறுப்பினர்கள் தங்கள் மாறுபட்ட குறிப்பை எழுதி முடிக்க அவகாசம் கேட்டார்கள். அவர் கொடுத்தார். அந்தக் குறிப்பு அவருடைய கட்சியின் நிலைக்கு எதிரானது. அந்த நிதானத்தை இந்த நாற்காலியிலும் பார்க்க விரும்புகிறோம். ஓரிரு உறுப்பினர்கள் மட்டுமே உள்ள கட்சிகளின் குரல் நேரக் கணக்கில் கரைந்துபோகாமல் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறோம். எங்கள் பங்குக்கு ஒன்று சொல்கிறோம். அவருடைய தீர்ப்பு எங்களுக்கு எதிராக அமையும் நாளிலும் அதற்குக் கட்டுப்படுவோம். மறுப்பு இருந்தால் உரிய தீர்மானத்தின் வழியாகவே எழுப்புவோம். அவருக்கு எங்கள் வாழ்த்துகள். நன்றி.”

இதில் உள்ளது ஒரே ஒரு சம்பவம். அதுவும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் காட்டும் சம்பவம். ‘பழகுவதற்கு இனியவர், பண்பாளர், நீண்ட அனுபவம் கொண்டவர்’ என்று அடுக்கினால் அது யாருக்கும் பொருந்தும், ஆகவே யாருக்கும் பொருந்தாது. நாற்காலிக்கு உதவும் குணம் எதுவோ அதைக் காட்டும் நிகழ்ச்சியைத் தேடுங்கள்: எதிர்த்தரப்புக்கு நேரம் கொடுத்தது, விதியைத் தன் கட்சிக்கு எதிராகவே சுட்டிக்காட்டியது, கூச்சலுக்கு நடுவே ஒரு திருத்தத்தைத் தெளிவாக வாசித்தது. தேடும் இடம் குழு அறிக்கைகளும் பழைய அவைக் குறிப்புகளும். நூலகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தால் கிடைக்கும். கிடைத்ததை அவைக் குறிப்பில் இருக்கும்படியே சொல்லுங்கள், மெருகேற்றாதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் அவையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

சிறிய கட்சிகளுக்கான கோரிக்கை அந்த மாதிரியில் பொதுவாக வைக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். ‘எங்களுக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும்’ என்று கேட்டால் அது சலுகை கேட்பது. அவர் நாளை உங்களுக்கு ஒரு நிமிடம் கூடக் கொடுத்தாலும், கேட்டு வாங்கியதாகப் பிறர் சொல்வார்கள். அவருக்கும் சங்கடம். எல்லாருக்குமாகக் கேட்டால் அவர் அதைத் தயக்கமில்லாமல் செய்ய முடியும்.

நடுநிலையைப் பற்றிப் பேசும்போது உங்கள் அவையின் விதியை அறிந்து பேசுங்கள். ‘இன்றுமுதல் நீங்கள் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை’ என்பது எல்லா இடத்திலும் உண்மையல்ல. பிரிட்டனில் துணைச் சபாநாயகர்கள் பதவியில் இருக்கும்வரை கட்சி சார்ந்து பேசுவதோ வாக்களிப்பதோ இல்லை. இந்திய மக்களவையில் துணைத் தலைவர் தலைமை தாங்காத நேரத்தில் விவாதத்தில் பேசலாம், மற்ற உறுப்பினர்களைப் போல வாக்களிக்கலாம். தலைமை தாங்கும்போது மட்டும் முதலில் வாக்கு கிடையாது, வாக்குகள் சமமானால் முடிவு செய்யும் வாக்கு உண்டு. கட்சியைவிட்டு விலக விரும்பினால் கட்சித் தாவல் தடைச் சட்டம் அவருக்கு விலக்கு அளிக்கிறது, ஆனால் விலகியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே ‘நாற்காலியில் அமரும் நேரத்தில்’ என்ற சொற்றொடரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் தராத ஒரு வாக்குறுதியை அவர் வாயில் திணித்தவராவீர்கள்.

மேற்கோள் வேண்டுமென்றால் ஒன்று மட்டும். அதுவும் எல்லோரும் எடுத்துவரும் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்ற தராசுக் குறளைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவதாகப் பேசுபவர் அதைச் சொல்லும்போதே அவை சிரிக்கத் தொடங்கிவிடும்.

ஒரே நாளில் இருவர், மூவர் தேர்வானால்

இங்கேதான் அதிகக் கவனம் தேவை. இலங்கைப் பாராளுமன்றத்தில் 2024 நவம்பர் 21 அன்று பிரதிச் சபாநாயகராக ரிஸ்வி சாலியும் குழுக்களின் பிரதித் தவிசாளராக ஹேமாலி வீரசேகரவும் தெரிவானார்கள், சபாநாயகர் தெரிவும் அதே நாளில்தான். பிரிட்டனில் அதே ஆண்டு தேர்வான மூவர் நுஸ்ரத் கனி, ஜூடித் கம்மின்ஸ், கரோலின் நோக்ஸ். இப்படிப்பட்ட நாளில் பேசும்போது முதல் ஆளுக்கு ஒன்றரை நிமிடம், கடைசி ஆளுக்கு ‘அவர்களுக்கும் வாழ்த்துகள்’ என்று முடிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. கடைசி ஆள் அதை மறப்பதில்லை.

பதவி வரிசை இருந்தால் அந்த வரிசையில் சொல்லுங்கள். சமமான பதவிகள் என்றால் தலைவர் முடிவை அறிவித்த வரிசை, அதுவும் இல்லையென்றால் அகர வரிசை. எழுதும்போதே ஒவ்வொருவருக்கும் சொற்களை எண்ணுங்கள். ஒருவருக்கு 35 சொல் என்றால் மற்றவருக்கும் 30-க்குக் குறையக் கூடாது. ஆளுக்கொரு குறிப்பான செய்தி வேண்டும். எதிர்பார்ப்பும் வாக்குறுதியும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை. உங்கள் கட்சிக்காரர் அவர்களில் இருந்தால் அவருக்குச் சொல் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும்.

ஒப்பிடாதீர்கள். ‘இவர் அனுபவசாலி, இவர் இளைஞர்’ என்று சொன்னால் இரண்டாமவர் அனுபவமில்லாதவர் ஆகிவிடுகிறார். மூவரும் பெண்கள் என்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் செய்த வேலைக்கு வந்துவிடுங்கள். அந்த ஒரு வரியே உரையின் மொத்தமாகிவிட்டால் மூன்று பேரும் ஒருவரைப் போல ஆகிவிடுகிறார்கள். ‘முதல் பெண்’, ‘முதல் தமிழர்’, ‘மிக இளையவர்’ போன்றவற்றைச் செயலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் சொல்ல வேண்டாம். குழுக்களின் பிரதித் தவிசாளராக ஒரு தமிழர் தேர்வாகும்போது யாராவது ‘முதல் தமிழர்’ என்று சொல்லிவிடுவார்கள். 2015-இல் செல்வம் அடைக்கலநாதனும் 2020-இல் அங்கஜன் இராமநாதனும் அந்த இடத்தில் இருந்ததை அவைக் குறிப்பு மறந்திருக்காது.

எதிர்த்து வாக்களித்தவர் வாழ்த்தும்போது

தோற்ற தரப்பிலிருந்து வரும் வாழ்த்துக்குத்தான் எடை அதிகம். போட்டி முடிந்தது, இனி இவர் எல்லோருக்கும் துணைத் தலைவர் என்பதை அது ஒன்றுதான் நிலைநாட்டும். ஆகவே அது சுருக்கமாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். ‘நாங்கள் வேறொருவரை முன்மொழிந்தோம். அவை முடிவு செய்துவிட்டது. அவையின் முடிவே எங்கள் முடிவும். துணைத் தலைவர் அவர்களுக்கு எங்கள் முழு ஒத்துழைப்பு உண்டு.’ இவ்வளவுதான். ‘ஆனாலும்’ என்ற சொல்லை எங்கும் போடாதீர்கள். அது வந்துவிட்டால் அதற்கு முன் சொன்ன நான்கு வாக்கியமும் வீண்.

வென்ற தரப்பில் இருப்பவர்கள், எதிரில் நின்றவர் பெயரை மரியாதையோடு ஒருமுறை குறிப்பிடுங்கள். போட்டியிட முன்வந்ததற்கு நன்றி சொன்னால் போதும். ஆறுதல் சொல்லாதீர்கள், ஆறுதல் தோல்வியை நினைவூட்டும்.

நீங்களே அந்த வேட்பாளராக இருந்தால், கட்சித் தலைவரின் வாய்ப்பை வாங்கிக்கொண்டு நீங்களே பேசுவது நல்லது. உங்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

பதவி நெடுநாள் காலியாக இருந்து நிரப்பப்படும் நாளில் ஒரு தனித் தயக்கம் வரும். இந்தியாவின் 17-ஆவது மக்களவை 2019 முதல் 2024 வரை துணைத் தலைவரே இல்லாமல் முழுக் காலமும் நடந்தது. துணைத் தலைவரை ‘கூடிய விரைவில்’ தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அரசமைப்பின் சொல். இந்தக் குறை உண்மையானது, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதற்குத் தேர்வானவர் பொறுப்பல்ல. ‘இந்த இருக்கை நிரம்பியதில் மகிழ்கிறோம், இனி காலியாகாமல் இருக்கட்டும்’ என்ற ஒரு வாக்கியத்தில் முடியுங்கள். மீதியை இன்னொரு நாள், இன்னொரு விவாதத்தில் சொல்லலாம்.

சொல்லக் கூடாதவை

நிலுவையில் உள்ள மசோதா, தொகுதிப் பிரச்சினை, பழைய வெளிநடப்பு எதையும் வாழ்த்துரைக்குள் நுழைக்காதீர்கள். தலைவர் குறுக்கிட்டால் வாழ்த்தும் கெடும், பிரச்சினையும் பதிவாகாது. புதியவரின் சாதி, மதம், குடும்பம், தோற்றம், உடல்நிலை எதற்கும் அங்கே இடமில்லை. ‘இனி அவர் சத்தம் போட முடியாது’ என்ற வகை நகைச்சுவை ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். கேட்கும்போது சிரிப்பு வரும், அச்சில் படிக்கும்போது அவர் ஒரு கலகக்காரர் என்று நீங்கள் சான்றிதழ் கொடுத்ததுபோல் இருக்கும்.

முந்தைய துணைத் தலைவர் அவையில் இருந்தால் அவருக்கு ஒரு வரி நன்றி சொல்லலாம். அவரைவிட இவர் நன்றாகச் செய்வார் என்ற பொருள் எங்கும் தொனிக்கக் கூடாது.

கடிதமும் செய்தியும்

அவையில் பேச வாய்ப்புக் கிடைக்காத உறுப்பினர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கடிதமே வழி. தேர்வான நாளோ மறுநாளோ போய்ச் சேர வேண்டும். உறுப்பினரின் கடிதத்தாளில் ஒரு பக்கத்துக்குள், 100 சொல்லுக்குள் எழுதுங்கள். விளிப்பையும் கையொப்பத்தையும் பேனாவால் எழுதினால், நீங்கள்தான் எழுதினீர்கள் என்பது தெரியும். அவையில் படர்க்கை என்றால் கடிதத்தில் முன்னிலை:

“மதிப்பிற்குரிய துணைத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் இந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். கடந்த கூட்டத்தொடரில் நிதி மசோதா விவாதம் இரவு வெகுநேரம் நீண்டபோது, கடைசியில் பேசிய புதிய உறுப்பினர்களைத் தாங்கள் இருந்து கேட்டது நினைவிருக்கிறது. அவையின் நீண்ட இரவுகள் பெரும்பாலும் இனித் தங்கள் தலைமையில்தான் நடக்கும். விதிகளைப் பின்பற்றுவதிலும் நேரத்தைக் காப்பதிலும் என் ஒத்துழைப்பு எப்போதும் உண்டு. அன்புடன்…”

நீண்ட இரவுகளைப் பற்றிய அந்த வரி வெறும் அலங்காரம் அல்ல. மாலை அமர்வுகள், குழுநிலை விவாதங்கள், வரிசையாக வரும் திருத்தங்கள் எல்லாம் பெரும்பாலும் துணைத் தலைவர்கள் தோளில்தான் விழும். பிரிட்டனில் வரவுசெலவுத் திட்டம் முன்வைக்கப்படும்போதுகூடத் தலைமை தாங்குபவர் வழிவகைக் குழுத் தலைவர்தான். அந்த வேலையைத் தெரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதை வாங்கிப் படிப்பவர் உடனே உணர்வார்.

கடிதத்தில் கோரிக்கை எதுவும் கூடாது. சந்திக்க நேரம் கேட்பதும் கோரிக்கைதான், அதை வேறு கடிதத்தில் கேளுங்கள். பத்திரிகைக்கு நகல் அனுப்ப வேண்டாம். கட்சி அலுவலகம் தயாரித்த ஒரே வாசகத்தை முப்பது உறுப்பினர்கள் கையொப்பமிட்டு அனுப்புவது, யாருமே எழுதாததற்குச் சமம்.

சமூக ஊடகத்தில் போடுவதானால் தலைவர் அறிவித்த பிறகு. பதவிப் பெயர் முழுமையாக இருக்கட்டும். எதிர்த்து நின்றவரைச் சீண்டும் பின்னூட்டங்கள் உங்கள் பதிவின் கீழே சேர்ந்தால் அன்றே நீக்கிவிடுங்கள்.

அவர் முதன்முறை நாற்காலியில் அமரும் நாள்

வாழ்த்துரைகள் முடிந்து சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அவர் முதல் தடவையாகத் தலைமை தாங்குவார். இப்போது முன்னிலையில் பேசலாம்: ‘மாண்புமிகு துணைத் தலைவர் அவர்களே.’ அவை குழுவாக மாறிக் கூடும் இடங்களில் அழைப்பும் மாறும். இலங்கையில் குழுநிலையில் அவர் ‘கௌரவ தவிசாளர் அவர்களே’. இதை மாற்றாமல் ‘பிரதிச் சபாநாயகர் அவர்களே’ என்று தொடர்பவர்கள் உண்டு.

அன்று பேசும் ஒவ்வொருவரும் மறுபடி வாழ்த்துவது ஒரு கெட்ட பழக்கம். விவாதத்துக்கு ஒதுக்கிய நேரம் அதில் போகிறது. ஆளுக்கு 20 நொடி என்றாலும் 15 பேர் பேசினால் 5 நிமிடம். பட்டியலின் கடைசியில் இருக்கும் உறுப்பினருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம் அது. அவருக்கு ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டிய நிலைமை, நீங்கள் வாழ்த்திய அந்தப் புதிய துணைத் தலைவருக்கே முதல் நாளில் வருகிறது. முதலில் பேசுபவர் அவை முழுவதின் சார்பாக ஒரு வரி சொல்லட்டும். மற்றவர்கள் அழைப்புச் சொல்லோடு நேராகப் பொருளுக்கு வந்துவிடலாம், குறித்த நேரத்தில் உட்கார்ந்துவிடலாம்.